விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் ஓட்டலில் 6 வருடம் அறை பராமரிப்பு வேலை பார்த்தேன். சம்பளம் 15,000, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள். வியாபாரம் மந்தம் என்று போன மாதம் நிறுத்திவிட்டார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினார். என் இடத்துக்குத் தன் மச்சினியைக் கொண்டுவருகிறார். விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தால் 50,000 தருகிறார்களாம். வேலையின்மை உதவித்தொகை வாங்குவது எப்படி?
— வாசகி, காரைக்குடி

பதில்: மேலாளர் பேசிய பேச்சும் மச்சினி விவகாரமும் உங்கள் விண்ணப்பத்துக்கு உதவாது. விலகல் கடிதம் கொடுத்தீர்களா, இல்லையா என்பது ஒன்றுதான் இங்கே கேள்வி. இன்னும் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. கொடுக்காதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை, பதிவு செய்து 5 ஆண்டு காத்திருப்பவர்களுக்கானது. அதற்காக அலைய வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது இஎஸ்ஐயின் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, அதாவது வேலை இழந்தவர்களுக்கான உதவித் திட்டம். சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை. உங்கள் இரண்டு வருடச் சம்பளம் 3,60,000. அதை 730 நாளால் வகுத்துப் பாதியாக்கினால் நாளுக்குச் சுமார் 246 ரூபாய். 90 நாளுக்கு 22,000 சொச்சம். வேலை போய் 30 நாள் கழித்து இஎஸ்ஐ இணையதளத்தில் கேட்கலாம். தானாக விலகியவருக்கு ஒரு ரூபாயும் கிடையாது.

ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலாளி மாதாமாதம் இஎஸ்ஐக்குக் கணக்கு ஏற்றும்போது, வேலையில் இல்லாதவர் பெயருக்கு எதிரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வேலையை விட்டார்' என்பது ஒன்று, 'ஆட்குறைப்பு' என்பது வேறொன்று. கடிதமே வாங்காமல் முதலாவதைப் போட்டுவிடுகிற கணக்குப்பிள்ளைகள் உண்டு. கேட்டால், வழக்கமாகப் போடுவதுதான் என்பார்கள். பிறகு அதைத் திருத்த வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் இன்றைக்கே, 'நான் விலகவில்லை. வேலை இல்லை என்று இன்ன தேதியில் நிறுத்தினீர்கள்' என்று எழுதி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகலும் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். பணம் கொடுக்கும்போது நீட்டும் வவுச்சரில், 'என் விருப்பப்படி விலகி முழுக் கணக்கும் பெற்றேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் இஎஸ்ஐ எண் ஓட்டல் பெயரில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் பெயரிலா என்பதையும் பாருங்கள். யாரிடம் கேட்பது என்பதே அதைப் பொறுத்து மாறும்.

அந்த 50,000 உங்களுக்குச் சலுகையே இல்லை. 15,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்றால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டுமே 51,923. அது விலகினாலும் உண்டு. ஆட்குறைப்பு என்றால் வருடத்துக்கு 15 நாள் வீதம் 45,000, முன்னறிவிப்புக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் 15,000. மொத்தம் 1,11,923.

மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம். வருடக் கணக்கில் இழுக்கும். பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ஆனால் அதைத் தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் 'ஆட்குறைப்பு' என்ற சொல் இருக்க வேண்டும். இஎஸ்ஐ பதிவிலும் அதே காரணத்தை ஏற்றுவதாக அவர்கள் எழுதித் தர வேண்டும். தொகையில் ஐந்து, பத்தாயிரம் விட்டுக்கொடுத்தாலும் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள்.