மாநிலங்களவையில் வேலை: தங்கச்சிமடத்து அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, மகள் அரசியல் அறிவியல் படித்து நாடாளுமன்றத்தின் மேலவையான மாநிலங்களவையில் (ராஜ்யசபா) வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாள். "தேர்தலில் தோற்றவன் கொல்லைப்புறமாகப் போகிற இடம் ராஜ்யசபா, அங்கே இவளுக்கு என்ன வேலை?" என்று தாய்மாமன் கேட்கிறார். நீங்கள் நடுவில் தவிக்கிறீர்கள்.

மாமன் சொல்வது முழுக்கத் தப்பில்லை. 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்ற பிறகுதான் அண்ணாவும் அங்கே போனார். ஆனால் அங்கே அவர் பேசிய கன்னிப்பேச்சை இன்றைக்கும் மேடைதோறும் சொல்கிறார்களே! தமிழ்நாட்டின் 18 உறுப்பினர்களையும் நம் எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டு நம் கையில் இல்லாததால் ஊரில் இந்தப் பேச்சு. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை 14 நாளில் மக்களவைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பதும் உண்மை, அதில் அவர்கள் கை கட்டப்பட்டதுதான். ஆனால் அமைச்சராக இல்லாத உறுப்பினர் திருச்சி சிவா தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015-இல் நிறைவேற்றியதும் இதே அவைதான்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் மகள் எம்.பி. பதவி கேட்கவில்லை. அதற்கு 30 வயது ஆக வேண்டும், கட்சியும் வேண்டும். அவள் கேட்பது எம்.பி.க்குப் பின்னால் இருக்கிற வேலை. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன நம் மீனவர்களைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி கேட்க வேண்டுமென்றால், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் சிறையில், எத்தனை விசைப்படகு அங்கே கிடக்கிறது, போன தடவை அமைச்சர் என்ன சொன்னார் என்று தேடிக் கொடுக்க ஆள் தேவை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியால் மடக்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில்தான் பதில். இந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளை நம் கரையிலிருந்து போனால் எவ்வளவு நல்லது!

சட்டமியற்றலைப் பற்றி ஆய்வு செய்கிற பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு லேம்ப் ஃபெல்லோஷிப் நடத்துகிறது. எந்தப் பட்டமும் போதும், வயது 25-ஐத் தாண்டக் கூடாது. உதவித்தொகையோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஓர் எம்.பி.யிடம் வேலை பழகலாம். அரசு வேலைதான் வேண்டுமென்றால் மாநிலங்களவைக்கென்றே தனிச் செயலகம் உண்டு. சுருக்கெழுத்து நிருபர், மொழிபெயர்ப்பாளர், தமிழில் பேசுவதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்பவர் என்று பல பணிகள். ஆனால் எல்லாப் பணிக்கும் ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது.

அதனால் பி.ஏ. படிக்கும்போதே டி.என்.பி.எஸ்.சி.க்கும் தயாராகட்டும். அப்புறம் சட்டம் படிக்க ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆங்கிலத்தைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். இந்தி உங்கள் வீட்டு விவகாரம், டெல்லியில் வாடகை பேசவாவது உதவும்.

கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். மீனவர் கைது பற்றிய கேள்வி-பதில்கள் மாநிலங்களவை இணையதளத்தில் கிடக்கின்றன. நாலைந்தைப் படித்துவிட்டு, அமைச்சர் எதற்குப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். மாமனையும் கூட்டி வாருங்கள்.