பார்வோ வந்த வீட்டில் அடுத்த நாய்க்குட்டியை எப்போது எடுக்கலாம்?

வணக்கம் சகோதரி. தத்துக் கொடுக்கும்வரை வளர்த்த குட்டி போன மாதம் பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்தது, வீட்டைப் பினாயில் போட்டுக் கழுவியாகிவிட்டது, அடுத்த குட்டியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குட்டி வந்த 4ஆம் நாளே வாந்தி எடுத்தது என்கிறீர்கள். தொற்றி 3 முதல் 7 நாளில்தான் அறிகுறி தெரியும். அநேகமாக அது நோயோடுதான் உங்களிடம் வந்திருக்கும். உங்கள் கவனிப்பில் குறை இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

பினாயிலுக்குப் பார்வோ கிருமி சாகாது. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்து எடுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். கழிவறை ஆசிட்டை அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். துணிப் படுக்கை, மிதியடியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கொல்லைப்புற மண்தான் எனக்குக் கவலை. நிழலான மண்ணில் அந்தக் கிருமி ஒரு வருடம்வரைகூடக் கிடக்கும், மண்ணைப் பிளீச்சால் சுத்தம் செய்யவும் முடியாது. அதனால் இப்போதைக்குக் குட்டி வேண்டாம். தடுப்பூசி முழுதாகப் போட்ட பெரிய நாயைக் கேளுங்கள். பெரிய நாய்களுக்கு இடம் கிடைப்பதுதான் எப்போதும் கஷ்டம், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பின்னாளில் குட்டி எடுத்தால், 16 வாரம்வரை போடும் தொடர் ஊசிகள் எல்லாம் முடிந்ததா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஊசியை நம்ப வேண்டாம்.