ஏழடி தார்சாவுக்கு எந்த மோஷன் கேம்?

திருநெல்வேலி டவுணிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்கள் வீடு ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற பழைய வீடு. டிவி தார்சாவில், அதாவது முன்கூடத்தில் இருக்கிறது. டிவி இருக்கிற சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஏழடிதான். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. கையை வீசி ஆடுகிற கேம் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். புரோக்கர் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும் கினெக்ட்டையும் சேர்த்து எட்டாயிரத்துக்குத் தருகிறேன், அதுதான் உசத்தி என்கிறார். நண்பரிடம் பழைய பிளேஸ்டேஷன் 3-ம், அதற்குக் கையில் பிடித்து ஆட்டுகிற 'மூவ்' கருவி இரண்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கிற மச்சான் தன் பழைய நின்டெண்டோ வீயைச் சும்மாவே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். எதை எடுக்கட்டும்?"

மச்சானுடைய வீயை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. கினெக்ட் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. அது மட்டமான சாமான் இல்லை. உங்கள் தார்சாவில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

2010 நவம்பரில் வந்த கினெக்ட், டிவி பக்கத்தில் வைக்கிற கேமரா. அதற்குக் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை எங்கெங்கே எப்படி விழுகின்றன என்று பார்த்து உடம்பின் அசைவைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு உங்கள் பிள்ளை தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும். ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று அதைச் செய்த மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. உங்கள் ஏழடியில் டிவி ஸ்டாண்டு ஒன்றரை அடியைச் சாப்பிட்டுவிடும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு யார் ஆடுவது? அப்புறம் முற்றத்து வெயில். மத்தியான வெளிச்சம் தார்சாவுக்குள் நேராக விழுந்தால் அந்தப் புள்ளிகள் அதில் கரைந்துபோகும், ஆட்டம் தடுமாறும்.

இன்னொன்றையும் அந்தப் புரோக்கரிடம் கேளுங்கள். கினெக்ட்டின் பிளக் சாதாரண யூஎஸ்பி இல்லை. 2010-ல் வந்த மெலிந்த 360-ல் அதற்கென்று தனித் துளை உண்டு. அதற்கு முந்தைய பழைய 360-ல் அது இல்லை, கரண்டோடு சேர்ந்த தனி அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரைத் தராமலே பெட்டியைக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் போய் மாட்டப் பார்த்துவிட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார். போன சாரல் சமயத்தில் மட்டும் இப்படி மூன்று பேர் வந்தார்கள். "புது எக்ஸ்பாக்ஸ் வாங்கினால் அதிலும் ஓடும்" என்று சொல்லி விற்கிறார்களே, அது சுத்தப் பொய். சீரிஸ் எக்ஸ் எந்தக் கினெக்ட்டையும் ஏற்காது. "நூறு கேம் ஏற்றித் தருகிறேன்" என்றால் திருட்டு கேம் ஓடாதபடி பெட்டிக்குள் கம்பெனி வைத்த பூட்டை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டது பழுதானால் பொறுப்பேற்க ஆள் கிடையாது.

கம்பெனிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இதுதான் எதிர்காலம் என்று உலகமெல்லாம் விற்றார்கள். 2017-ல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடியாயிற்று, எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலையில். காசு கொடுத்து வாங்கியவன் இனி பழைய டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டும். இந்த அலைச்சலில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

மூவ் நல்ல கருவி, மூன்றில் துல்லியமும் அதற்குத்தான். நுனியில் ஒளிரும் பந்தை டிவி பக்கத்துக் கேமரா பார்க்கிறது. பந்து பெரிதாகத் தெரிந்தால் கை கிட்டே இருக்கிறது, சிறிதாகத் தெரிந்தால் தள்ளி இருக்கிறது. சிக்கல் பேட்டரியில். கழற்றி மாற்றுகிற பேட்டரி இல்லை, உள்ளேயே இருக்கிறது, அதற்கும் வயதாகிவிட்டது. நண்பர் வீட்டில் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். பந்து அணையாமல் இருந்தால் பிறகு யோசிக்கலாம். கேமராவின் லென்ஸ் வளையத்தை நீலப் புள்ளிக்குத் திருப்பி வையுங்கள். சிவப்பில் இருந்தால் பார்வை குறுகிவிடும்.

வீ 2006-ல் வந்தது. மூன்றிலும் பழையது, உங்கள் பிள்ளைகளுக்குப் போதுமானது. ரிமோட்டுக்குள் இருக்கிற சிப், கை வீசும்போது வேகம் மாறுவதை அளக்கிறது. அதனால் கால் தெரிகிறதா, சுவர் இடிக்கிறதா என்ற கவலை அதற்கு இல்லை. மூன்றடியிலிருந்து எட்டடிக்குள் நின்றால் நன்றாக ஆடலாம். டிவி மேல் வைக்கிற நீளக் குச்சியை சென்சார் பார் என்பார்கள், ஆனால் சென்சார் ரிமோட்டின் மூக்கில்தான் இருக்கிறது. குச்சியில் இருப்பது இரண்டு பக்கமும் அகச்சிவப்பு விளக்குகள். ஃபோனின் முன்பக்கக் கேமராவில் அதைப் பாருங்கள். மங்கிய ஊதா நிறத்தில் எரிந்தால் சரியாக இருக்கிறது.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. ஐரோப்பாவிலிருந்து வந்த வீயாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், நேராக மாட்டலாம். உங்களுடையது அமெரிக்காவிலிருந்து வருகிறது. பெருமாள்புரத்திலிருந்து ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவந்த அடாப்டரை நான் திறந்து பார்த்தேன். உள்ளே தார் மாதிரி உருகி, ஒரு பக்கம் கரியாகிக் கிடந்தது. பிளக்கைச் சொருகியதும் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். பெட்டி தப்பித்தது அவர் அதிர்ஷ்டம். பிளக் முனை மாற்றுகிற பத்து ரூபாய் சாமான் ஓட்டையைத்தான் பொருத்தும், வோல்ட்டைக் குறைக்காது. ஒன்று, 230-லிருந்து 110-க்கு இறக்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், நூறு வாட்ஸ் தாங்குவதாக இருந்தால் போதும். இல்லை, வீக்கென்றே 230-ல் ஓடுகிற அடாப்டர் வாங்குங்கள். அதன் லேபிளில் 12 வோல்ட், 3.7 ஆம்ப் என்று இருக்க வேண்டும். கடைக்காரர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, சும்மா மாட்டுங்கள்" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

வோல்ட்டைச் சரிசெய்தாலும் டிஸ்க் பூட்டு அப்படியேதான் இருக்கும். அமெரிக்க வீயில் அமெரிக்க டிஸ்க்தான் ஓடும். இங்கே வேறு நாட்டு டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள். ரிமோட்டுக்கு மட்டும் இந்தப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு ரிமோட்டும் சேரும். டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் உண்டா என்றும் பாருங்கள். வீயில் ஹெச்டிஎம்ஐ இல்லை.

மச்சானுக்கு இன்றைக்கே ஃபோன் போடுங்கள். அங்கே பெட்டியோடு வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் விற்றார்கள், அதைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங்கை ஆளுக்கொரு முறையாக ஆடலாம், உங்கள் தார்சாவுக்குத் தோதானது. இரண்டு ரிமோட்டும் கைக்கயிற்றோடு வர வேண்டும். கயிறு மெல்லிசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அறுந்து ரிமோட் பறக்கிறது என்பதால்தான் 2006 கடைசியில் நின்டெண்டோவே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கயிறுகளைத் தடிமனாக மாற்றிக் கொடுத்தது. மகன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி இறுக்கிய பிறகு டிவியைப் போடுங்கள்.