பானெட்டைத் திறந்து வையுங்கள்

வாசகர் கேள்வி பதில்: இந்த முறை பழைய கார், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் அவற்றைப் பார்க்க வருபவர்களும் கேட்டவை

கேள்வி: அப்பாவின் நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செலவு செய்து சரிபண்ணி, புதுச்சேரியில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். பெரிய வெளிநாட்டுக் கார்களை முன்வரிசையில் நிறுத்திவிட்டு என் வண்டியைக் கடைசி மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க ஆளே வரவில்லை. ஹெரால்டுக்கு அவ்வளவுதான் மதிப்பா? (வாசகர், செம்மண்டலம், கடலூர்)

இல்லவே இல்லை. மூலையில் நிறுத்தியவர்களுக்கு அந்த வண்டியைத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் கொண்டுவந்த கார், உருவம் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. 1961-லிருந்து அது வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில், நம் ஆட்கள் கையால் தயாரானது. இங்கிலாந்தில் அதற்கு எப்போதுமே பக்கத்துக்கு ஒரு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. லண்டனில் ஹெரால்டு வைத்திருப்பவர் உங்கள் வண்டியைப் பார்த்தால் அதைச் சுற்றிச் சுற்றி வருவார், அவர் ஊரில் அப்படி ஒன்று கிடையாது.

அடுத்த முறை ஒன்று செய்யுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். மற்ற கார்களில் பானெட் என்றால் மேலே ஒரு மூடி. ஹெரால்டில் இரண்டு மட்கார்டு, ஹெட்லைட், முகம் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும், இன்ஜின், ரேடியேட்டர், முன்சக்கர ஸ்பிரிங், ஸ்டியரிங் கம்பி வரை அத்தனையும் வெட்டவெளிக்கு வந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து மெக்கானிக் வேலை பார்க்கலாம். அதைத் திறந்து வைத்தால் எந்த மூலையில் நிறுத்தினாலும் கூட்டம் வரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் வண்டி எங்கே செய்தது, எந்த வருடம், எந்த பாகம் அசல், எது மாற்றியது என்று தமிழில் எழுதி வையுங்கள். மாற்றியதை மறைக்கவே வேண்டாம்.

இந்தக் கண்காட்சிகளில் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இதுதான். பாலிஷ் போட்ட பெயின்ட்டைக் காட்டுகிறோம், வண்டி எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டுவதில்லை. பளபளப்பு ஒரு செல்ஃபியோடு முடிந்துவிடுகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் எப்படிக் காற்றோடு கலக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு வீட்டுக்குப் போன பிறகும் கேள்வி இருக்கும்.

கேள்வி: தாத்தாவின் 1974 பஜாஜ் சேத்தக் எங்களிடம் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அது 'விண்டேஜ்' கணக்கில் வருமா? அப்படிப் பதிவு செய்தால் நல்லதா? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வரும். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருக்க வேண்டும், இரு சக்கரமானாலும் நான்கு சக்கரமானாலும் சரி. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிகிற வண்டிக்கு எண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, தாத்தா காலத்து எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்து முடிவு பண்ணுங்கள். விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, அதற்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது இன்னமும் அதில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தால் சாதாரணப் பதிவையே 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள் என்பேன். புதுப்பிக்கிற கட்டணம் 2022-லிருந்து கூடியிருக்கிறது, போகும் முன் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் வண்டியை எடுக்க முடியாது என்கிற செய்தியைப் படித்துவிட்டு இங்கே சிலர் நல்ல வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அந்தத் தடை தலைநகர் வட்டாரத்துக்கானது.

டி.வி.எஸ். 50 வைத்திருக்கிற இன்னொரு வாசகரும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அது வந்ததே 1980-ல், ஆகவே முதல் வருடத்து வண்டிக்கே 2030-ல்தான் 50 நிறையும். பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: ஒரு பிரீமியர் பத்மினி விலைக்கு வருகிறது. பெயின்ட் புதுசு, பார்க்க அருமையாக இருக்கிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்? (வாசகர், காலாப்பட்டு)

பெயின்ட் புதுசு என்றால்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும். நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்று தகரத்தை வெளியிலிருந்து தின்பதைவிட உள்ளிருந்து தின்பதுதான் அதிகம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள், துணி எதற்கென்றால் பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க. கதவின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே ஓடுகிற சில், பின் மட்கார்டு வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி, இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். நல்ல தகரத்தில் சட்டென்று ஒட்டும். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, பட்டிதான் கனமாக அப்பியிருக்கிறது. அப்புறம் உள்ளே ரப்பர் மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினாலும் விடாதீர்கள். டிரைவர் கால் வைக்கிற இடத்திலும் பின் சீட்டுக்கு அடியிலும் கட்டைவிரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் வரக் கூடாது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், டிங்கரிங் செய்தவர் அதைப் பட்டி போட்டு அடைத்திருந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் கதவு அழுகிவிடும்.

சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு நேரில் ஒத்துப் பாருங்கள், போட்டோ காட்டினால் போதாது. இன்ஜின் தேய்ந்திருந்தால் கவலையே படாதீர்கள். அந்த 1089 சி.சி. ஃபியட் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பத்மினி 2000 வாக்கில் நின்றுபோன பிறகும் பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். அழுகிய பாடிக்குத்தான் மருந்து கிடையாது.

வாங்கினால், கடற்கரைச் சாலையில் நிறுத்திக் காட்டிவிட்டு வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துத் துரு ஏறும். காற்று போகிற துணிக் கவர் போதும்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது என் அம்பாசடர் சீட் மட்டம் வரை தண்ணீரில் நின்றது. அப்போதிருந்து ஸ்டார்ட் பண்ணவே இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். (வாசகர், கடலூர்)

போடாதீர்கள். புது கார் அந்தத் தண்ணீரில் நின்றிருந்தால் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார் என்று செலவு எங்கோ போயிருக்கும், இன்சூரன்ஸ்காரரே கைவிட்டிருப்பார். அம்பாசடரில் தண்ணீர் புகுந்து நிரந்தரமாகச் சாகிற பாகம் மிகக் குறைவு. ஆனால் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் இன்ஜின் ஆயிலை வடித்துப் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர்பாக்ஸ், பின் ஹவுசிங் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சுப் பெட்டி) இரண்டின் ஆயிலையும் வடிக்கச் சொல்லுங்கள், இதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள், காற்று போகிற துளை வழியாக அங்கேயும் தண்ணீர் போயிருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பிளக் இல்லாமலே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ், டிரம்மைத் திறந்து பிரேக் சிலிண்டர்களைப் பார்ப்பது, பிரேக் ஆயில் முழுக்க மாற்றுவது, டைனமோவையும் செல்ஃபையும் பிரித்துக் காயவைப்பது, பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவுவது. சீட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துப் போட்டுவிடுங்கள், அந்த ஈரம்தான் தரைத்தகரத்தைத் தின்னும். இவ்வளவும் ஆன பிறகு புது பேட்டரி மாட்டும்போது எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய இங்கிலாந்து வடிவ வண்டிகளில் பிளஸ் முனை எர்த் ஆக இருப்பது உண்டு.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், ஆனால் கண்காட்சியில் பிரெஞ்சு கார் கண்ணிலேயே படுவதில்லையே, ஏன்? (வாசகி, லாஸ்பேட்டை)

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் இந்திய அரசும், இங்கேயே கார் தயாரிக்கத் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவதை நிறுத்தச் சொன்னது, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அப்போது கிளம்பின. தங்கிய கார் நிறுவனங்கள் இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு. பிரெஞ்சு நிறுவனம் அதில் ஒன்றும் இல்லை. பாகம் வராத வண்டி எத்தனை நாள் ஓடும்? 1934-ல் வந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். 1983-ல் மாருதி 800 வருகிற வரை நம் ஊர் ஷெட்டுகளில் முன்சக்கர இழுவையைத் தொட்டுப் பழகியவர்கள் அரிது.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கல்யாணப் படத்தின் ஓரத்தில் நிற்கிற காரின் முகத்தில் கூரை போல இரண்டு கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் சிட்ரோயன், சிங்கம் இருந்தால் பெஜோ. அப்படிப் படம் இருந்தால் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், கார் இல்லாவிட்டாலும் அந்தப் படத்துக்கு ஒரு மேசை போட வேண்டும். இன்னொன்று, 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பெஜோதான்.

கேள்வி: என் மார்க் 2 அம்பாசடரில் இசுசு இன்ஜினும் ஏ.சி.யும் போட்டிருக்கிறேன். கண்காட்சியில் சேர்ப்பார்களா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

அசல் பிரிவில் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. ஓட்டுவதற்கு அருமையான வண்டி, சந்தோஷமாக ஓட்டுங்கள். இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள், கழற்றிய பழைய இன்ஜினை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்குக் கெடுதலா? (வாசகர், வில்லியனூர்)

கவனிக்காமல் விட்டால் கெடுதல்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், இவற்றை எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காயவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை பத்து கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை பாதி குறையும். ஸ்டார்ட் பண்ணி வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் உறுமவிடுவது ஓட்டுவதாகாது.

கேள்வி: குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தொட்டுப் பார்க்க விடலாமா? (வாசகி, அரியாங்குப்பம்)

கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள். மோதிரம், பெல்ட் பக்கிள், தோள்பை ஜிப், இவைதான் கீறல் போடும். உரிமையாளர்களுக்கும் சொல்கிறேன், ஹாரனை ஒரு தடவை அடிக்க விடுங்கள்.

கேள்வி: என் ஃபியட்டைப் பார்க்கிற மெக்கானிக்குக்கு எழுபது வயதுக்கு மேல். அவருக்குப் பிறகு யாரிடம் போவேன் என்று பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

நியாயமான பயம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று போனில் படம் எடுங்கள், முகத்தை விடக் கையை எடுங்கள், பேசச் சொல்லிக் கேளுங்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட்டின் இடைவெளி எவ்வளவு, ஏன் அவ்வளவு, கார்புரேட்டர் ஸ்க்ரூவை எந்தச் சத்தம் வரும்வரை திருப்புகிறார் என்பதெல்லாம் கம்பெனி புத்தகத்தில் பாதிதான் இருக்கும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பையன் ஒருவனை, பெண்ணானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரிடம் அனுப்பி வையுங்கள், அந்த நாளுக்கான கூலியை நீங்கள் கொடுங்கள். அடுத்த கண்காட்சிக்கு வண்டியோடு அவரையும் கூட்டிவந்து, நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, வண்டிக்கு முன்னால் வைக்கிற அட்டையில் உங்கள் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதுங்கள்.