தொழிற்சாலையில் வார்த்த வீட்டில் தூளி கட்ட முடியுமா?

வீடு கட்டுவது, பராமரிப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நம் கட்டுமானப் பொறியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: மேடம், எங்கள் பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். சுவர், தளம் எல்லாம் வேறு இடத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துவார்களாம். ‘அட்டைப் பெட்டி மாதிரி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஒரு ஆணிகூட அடிக்க முடியாது’ என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். என் மகளுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ வந்தால் தூளி கட்டவாவது முடியுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் அதற்கான கொக்கியை நீங்கள் இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

வழக்கமான வீட்டில் தளம் போட்ட பிறகும் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டிக்கொள்கிறோம். சுவரைக் கொத்தி வயர் பைப்பைப் புதைக்கிறோம். நீங்கள் சொல்லும் முறைக்குப் பெயர் ப்ரீகாஸ்ட். இதில் தளமும் சுவரும் முன்கூட்டியே அச்சில் வார்க்கப்படுகின்றன. ஃபேன் பெட்டி, சுவிட்ச் போர்டு, பைப் போகும் வழி, தூளிக் கொக்கி எல்லாமே வார்க்கும்போதே உள்ளே உட்கார வேண்டும். சில தளப் பலகைகளுக்குள் நீளவாக்கில் குழாய் போல வெற்றிடம் இருக்கும், கம்பிகளை இழுத்து முறுக்கேற்றிப் பதித்திருப்பார்கள். அங்கே கண்ட இடத்தில் டிரில் போட்டுக் கம்பியை அறுத்துவிட்டால் தளத்தின் பலமே போய்விடும்.

ஆகவே வரைபடம் காட்டக் கூட்டம் போடும்போது வீட்டுப் பெண்கள் கட்டாயம் போங்கள். தூளிக் கொக்கி ஃபேனுக்கு நேர் கீழே வரக் கூடாது, ஆட்டும்போது சுவரில் இடிக்கவும் கூடாது. இதெல்லாம் வரைபடம் போடும் பையனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பரண் எந்தச் சுவரில், மிக்ஸிக்கு பாயின்ட் எங்கே, துணி காயப்போடக் கம்பி எங்கே என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அச்சு தயாரான பிறகு கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அட்டைப் பெட்டி என்ற பேச்சை நம்பாதீர்கள். பத்துக்குப் பத்து அடி, ஆறு அங்குலக் கனம் உள்ள ஒரு கான்கிரீட் சுவர் ஏறக்குறைய மூன்றரை டன் எடை இருக்கும். சுத்தியலால் அடித்தால் ஆணிதான் வளையும். சாமி படம் மாட்ட டிரில் போட்டு பிளக் வையுங்கள், வயர் போகும் பாதையைத் தவிர்த்துவிட்டு.

கேள்வி: 2021 டிசம்பரில் எங்கள் ஊரில் ஒரு பிளாக் அப்படியே சரிந்ததை மறக்க முடியவில்லை. மொத்தமாக வார்த்த கட்டடமே அப்படி என்றால், துண்டு துண்டாகப் பொருத்தும் கட்டடம் எத்தனை நாள் நிற்கும்?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அன்று 24 வீடுகள் விழுந்தன. விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் உடனே வெளியேறியதால்தான் உயிர்கள் பிழைத்தன. விரிசல் என்றால் உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டும், அது எந்த முறையில் கட்டிய கட்டடமாக இருந்தாலும் சரி.

ப்ரீகாஸ்டில் சுவரும் தளமும் கூரைக்கு அடியில், இரும்பு அச்சில், கணக்காகத் தண்ணீர் சேர்த்து வார்க்கப்படுவதால் தரம் பெரும்பாலும் நன்றாகவே வரும். நான் எப்போதும் கவலைப்படுவது ஜாயின்ட்டைப் பற்றித்தான். லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டடம். சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று 18-ஆவது மாடிச் சமையலறையில் காஸ் வெடித்ததில் ஒரு சுவர் வெளியே பிய்த்துக்கொண்டு போனது. அதை நம்பி நின்ற மேல் மாடிகள் விழ, அந்த பாரத்தில் கீழ் மாடிகளும் சரிந்து, ஒரு மூலை முழுக்கப் போய்விட்டது. நான்கு பேர் இறந்தார்கள். பின்னால் 1986-இல் அதைப் பிரித்தபோது சில ஜாயின்ட்டுகளில் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு சுவர் போனாலும் மற்றவை தாங்கி நிற்கும்படி துண்டுகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கட்ட வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

நம் பக்கத்துக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. காசிமேட்டில் ஜன்னல் கிரில் எவ்வளவு சீக்கிரம் பொரிந்து உதிர்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ஜாயின்ட் வழியாக உள்ளே போனால் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோரக் கட்டடங்களில் கம்பியின் மேல் பொதுவாக 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும், கான்கிரீட்டின் பலம் எம்30 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ்.456. துண்டுகளைப் பொருத்தும் நாட்களில் நான்கைந்து பேர் சேர்ந்து போய், ஜாயின்ட்டில் கிரவுட் (இடைவெளியை அடைக்க ஊற்றும் சிமென்ட் கலவை) முழுக்க நிரம்பியதா என்று காட்டச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுப் போங்கள், தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். சாவி வாங்கும் முன் பாத்ரூமில் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டு, கீழ் வீட்டின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவர் ஜாயின்ட்டில் அடைக்கும் பசை காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். அதை மாற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் நான் இந்த முறைக்கு ஆதரவுதான். பெரும்பாக்கத்தில் இப்படி 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரி 1-இல் அடிக்கல் நாட்டி, 2022 மே 26-இல் திறந்தார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் பணம். ஆனால் வேகமாகக் கட்டுகிறோம் என்று நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பினால் மீன் ஏலத்துக்குப் போகிறவர் எப்படிப் பிழைப்பார்? இருந்த இடத்திலேயே வேகமாகக் கட்டித் தர வேண்டும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 400 சதுர அடி மனை இருக்கிறது. நானும் இந்த முறையில் கட்டினால் செலவு குறையுமா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: குறையாது. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான துண்டுகள் வார்த்தால்தான் அச்சின் விலை கட்டுப்படியாகும். அப்புறம், டிரெய்லரும் கிரேனும் உங்கள் சந்துக்குள் திரும்பவே முடியாது. நல்ல கொத்தனாரைப் பிடித்து வழக்கம்போலவே கட்டுங்கள். கவர் பிளாக் (கம்பி அச்சுப் பலகையில் ஒட்டாமல் தள்ளி நிற்க வைக்கும் சிறு கட்டை) வைக்காமல் கம்பி கட்டினால் மட்டும் கான்கிரீட் போட விடாதீர்கள்.