கமலா ஹாரிஸ் போன வழி கோத்தகிரியிலிருந்து உண்டா?

கேள்வி: கோத்தகிரி கோர்ட்டில் இரண்டு வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். கமலா ஹாரிஸ் மாதிரி அரசு வழக்கறிஞராகி, பிறகு அரசியலுக்கு வர ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கமலா 1990-ல் கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் அரசுத் தரப்பில் சம்பளத்துக்கு வழக்கு நடத்தியவர். 2003-ல் சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னி, அதாவது அங்கே தலைமை அரசு வழக்கறிஞர், ஆனது மக்கள் போட்ட ஓட்டில். 2010-ல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரலாக வென்றதும் அப்படித்தான். பிறகு செனட், 2021-ல் துணை அதிபர். வழக்கு நடத்தும் நாற்காலியே அங்கே தேர்தல் நாற்காலி. இங்கே அது நியமனப் பதவி.

அதிலும் இரண்டு வகை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் அரசு உதவி வழக்கு நடத்துநர், டி.என்.பி.எஸ்.சி. எழுதி வரும் அரசு ஊழியர். இதற்குக் கிரிமினல் கோர்ட்டில் ஐந்து ஆண்டு பிராக்டிஸ் கேட்பார்கள். ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு ஏழு ஆண்டு. அவரை அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும்.

முதலில், பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டிய அகில இந்திய பார் தேர்வை இன்னும் முடிக்கவில்லை என்றால் உடனே முடித்துவிடுங்கள். கமலாவும் பார் தேர்வில் முதல் முறை தவறியவர்தான், பயம் வேண்டாம். அடுத்து, அந்த ஐந்து ஆண்டுக்கு ஆதாரம். ஜூனியர்கள் சறுக்குவது இங்கேதான். வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும் இருந்தால் நீங்கள் ஆஜரானதற்குச் சாட்சி இல்லை. உங்கள் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். வழக்கு எண், தேதி, ஜாமீன் மனுவா குறுக்கு விசாரணையா என்று அன்றன்றே டைரியில் எழுதுங்கள்.

தொழிலை மலையிலேயே கற்கலாம். நீலகிரிப் படுகர்களின் மொழியில் சாட்சி சொன்னதை ஸ்டேஷனில் எழுத்துத் தமிழில் எழுதிவிடுவார்கள். "அடித்ததைப் பார்த்தேன்" என்று தாளில் இருக்கும். கூண்டில் அவர் "சத்தம் கேட்டு ஓடினேன்" என்பார். அந்த முரண்பாட்டைப் பிடித்தே எதிர்த்தரப்பு வழக்கை உடைக்கும். நல்ல பிராசிக்யூட்டர் வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்து, முரண் எங்கே வரும் என்று முன்பே குறித்து வைப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எஸ்டேட்டிலிருந்து வரும் சாட்சியை வாய்தாவில் திருப்பி அனுப்பவும் விடமாட்டார். இந்த உழைப்புதான் பின்னாளில் ஊர் நினைவில் நிற்கும்.

அரசு ஊழியராகிவிட்டால் கட்சியில் சேர முடியாது. தேர்தலில் நிற்க ராஜினாமா வேண்டும். கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. துறை விசாரணை நிலுவையில் இருந்தால் அதை ஏற்காமல் நிறுத்தி வைக்கலாம். வேட்புமனு பரிசீலனைக்கு முன்பே ஏற்பு ஆணை கையில் இருக்க வேண்டும். அதனால் மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.