சால்மோனெல்லா ஏன் குடலில் அழற்சியைத் தானே கிளப்பிவிடுகிறது?

உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்பது பிறவியிலேயே நமக்குள்ள முதல் காவல். இன்ன கிருமி என்று பாராமல் சில மணி நேரத்தில் பாயும். அதன் ஆயுதம்தான் அழற்சி; அது வந்தால் கிருமி சாகவேண்டும். அதைக் கிருமியே ஏன் தூண்டுகிறது?

காரணம், போட்டி. சரியாக வேகாத முட்டை, கோழிக்கறி வழியாக நுழைந்து வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குக் குடலில் இடமே கிடைக்காது. நல்ல பாக்டீரியாக்கள் முன்பே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அதனால் ஊசி போன்ற ஓர் உறுப்பால் குடற்சுவர் செல்லுக்குள் தன் புரதங்களைச் செலுத்தி அபாயமணியை அடிக்கவைக்கிறது. வெள்ளையணுக்கள் ஓடிவந்து ஆக்சிஜன் சார்ந்த நச்சுகளைக் கக்குகின்றன. குடலில் இருக்கும் தயோசல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மம் அந்த நச்சுகளால் டெட்ராதயோனேட்டாக மாறுகிறது. ஆக்சிஜனுக்குப் பதிலாக அதை வைத்துச் சால்மோனெல்லா சுவாசிக்கும். நொதித்தலை நம்பிப் பிழைக்கும் மற்றவற்றால் அது முடியாது. குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பது என்பார்களே, அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிருமியை வளர்த்தெடுக்க ஆய்வகங்கள் 1923 முதலே டெட்ராதயோனேட் கரைசலைப் பயன்படுத்தின. குடலுக்குள்ளும் அதே கதை என்பது 2010இல்தான் தெரிந்தது.

டைபாய்டும் இதே வழி என்று நினைத்துவிடாதீர்கள்: அந்தக் கிருமியும் சால்மோனெல்லாதான், ஆனால் வி-ஐ என்ற சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டு காவலர் கண்ணில் படாமல் நழுவிவிடும்.